காவலுக்கு வைத்த கண்

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூரில் வெளியான ஒரு செய்தி பல குடும்பங்களைத் திடுக்கிட வைத்தது. வீடுகளில் பொருத்தப்பட்டிருந்த இணையக் கேமராக்களுக்குள் ஒரு கும்பல் ஊடுருவி, அவை படம்பிடித்த காட்சிகளை ஆபாச இணையத் தளங்களில் ஏற்றியிருந்தது. சில காட்சிகள் சிங்கப்பூர் வீடுகளில் எடுக்கப்பட்டவை என்ற குறிப்போடு வந்தன. தாய்லாந்து, தென்கொரியா, கனடா நாட்டு வீடுகளும் அவற்றில் அடக்கம். குழந்தைக்குப் பாலூட்டும் தாய், அரைகுறை ஆடையில் கூடத்தில் நடமாடுபவர்கள், ஏன், பிள்ளைகள்கூட அந்தக் காட்சிகளில் இருந்தார்கள். 50,000க்கும் மேற்பட்ட கேமராக்கள் தன் கைவசம் இருப்பதாக அந்தக் கும்பல் விளம்பரம் செய்தது. 150 அமெரிக்க டாலர் கட்டியவர்களுக்கு ஆயுள் சந்தா!

வீட்டுக்குள் வைக்கும் கேமராவை யாரும் வேடிக்கைக்காக வாங்குவதில்லை. வேலைக்குப் போன பெற்றோர் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வாங்குகிறார்கள். தனியாக இருக்கும் வயதான தாயார் தடுக்கி விழுந்துவிட்டால் உடனே தெரியவேண்டும் என்பதற்காக வாங்குகிறார்கள். புதிதாக வந்த பணிப்பெண்ணின் மேல் ஒரு கண் வைக்கவும் வாங்குகிறார்கள். காரணங்கள் எல்லாம் நியாயமானவையே. ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கேமராவை வாங்குபவர் ஒருவர். அதன் முன்னால் நாள் முழுவதும் இருப்பவர் வேறொருவர். வாங்கியவர் அலுவலகத்தில் இருக்கிறார். படத்தில் விழுவது குழந்தையும் பாட்டியும் பணிப்பெண்ணும்தான். "உங்களைப் படம்பிடிக்கலாமா?" என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காட்சி வெளியில் போனால் மானம் போவதும் அவர்களுக்குத்தான்.

இதைச் சொன்னால் பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "எங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? யார் எங்களைக் குறிவைக்கப் போகிறார்கள்?" உண்மைதான், யாரும் குறிவைப்பதில்லை. குறிவைக்கத் தேவையே இல்லை என்பதுதான் சிக்கல். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மேல் மாடியிலிருந்து கீழ் மாடி வரை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இறங்கும் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பணக்காரரா ஏழையா என்பது அவனுக்கு அக்கறையில்லை. எந்தக் கதவு திறக்கிறது என்பது மட்டுமே கணக்கு. இணையத்தில் இந்த வேலையை மனிதன் செய்வதில்லை, நிரல்கள் செய்கின்றன. அவை இரவு பகலாக உலகம் முழுவதும் உள்ள இணைய முகவரிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

அப்படித் தட்டிப் பார்க்கும் நிரல் எவ்வளவு எளிமையாக இருக்கலாம் என்பதற்கு 2016ஆம் ஆண்டின் மிராய் ஒரு பாடம். கேமராக்கள், காட்சிப் பதிவுப் பெட்டிகள், ரௌட்டர்கள் ஆகியவற்றை அது தேடிப் போனது. அதன் கையிலிருந்த சாவிக்கொத்தில் ஏறக்குறைய 60 பயனர் பெயர்-மறைச்சொல் சோடிகள்தாம் இருந்தன. எல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் 'அட்மின்', '12345' போன்ற சொற்கள். இந்த 60 சாவிகளே இலட்சக்கணக்கான சாதனங்களைத் திறக்கப் போதுமானவையாக இருந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, இணைய முகவரிச் சேவை வழங்கும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் அந்தச் சாதனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்தன. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின. மிராயை எழுதியதாக 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுத் தளங்களை நடத்துவோருக்கிடையே இருந்த போட்டியில்தான் இது முளைத்தது என்பது இன்னும் வேடிக்கை. கேமராவின் சொந்தக்காரர்கள் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

பத்தாண்டு ஆகப் போகிறது, மக்கள் திருந்தியிருப்பார்கள் என்று நினைக்கலாம். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தென்கொரியக் காவல்துறை நான்கு பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. அவர்கள் ஊடுருவியதாகச் சொல்லப்படும் கேமராக்கள் 120,000க்கும் மேல். வீடுகளும் வணிக இடங்களும் அவற்றுள் அடங்கும். எண்களை வரிசையாக அடுக்கியது போன்ற எளிய மறைச்சொற்களே அவர்களுக்கு வழிவிட்டன.

தொழிற்சாலை மறைச்சொல்லை மாற்றிவிட்டவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? இங்கேதான் இரண்டாவது ஓட்டை. ஒரே மறைச்சொல்லை மின்னஞ்சலுக்கும், இணையக் கடைக்கும், கேமராச் செயலிக்கும் வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். என்றோ ஓர் இணையக் கடையிலிருந்து களவுபோன மின்னஞ்சல்-மறைச்சொல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, திருடர்கள் கேமரா நிறுவனத்தின் வாசலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். கடையில் திருடிய சாவி வீட்டைத் திறந்துவிடுகிறது. இதில் கேமராவின் மேல் குற்றமில்லை. அது சரியான மறைச்சொல்லோடு வந்தவரை உள்ளே விட்டது, அவ்வளவுதான்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு குடும்பம் கண்டது. எட்டு வயது மகளின் படுக்கையறையில் சில நாள்களுக்கு முன்னர்தான் ரிங் நிறுவனத்தின் கேமரா ஒன்றைப் பெற்றோர் பொருத்தியிருந்தார்கள். இத்தகைய கேமராக்களில் ஒலிபெருக்கியும் உண்டு, வெளியிலிருந்தே பேசலாம். அறையில் பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே போன சிறுமியிடம் முகம் தெரியாத ஓர் ஆணின் குரல் பேசியது. தான் சாண்டா கிளாஸ் என்றும், உன் நண்பன் என்றும் சொன்னது. அறையைப் பாழாக்கும்படி தூண்டியது. சிறுமி அம்மாவைக் கூப்பிட்டு அலறிய காட்சியையும் அதே கேமராதான் பதிவு செய்தது.

2019ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் 2020ஆம் ஆண்டு மார்ச் வரை ஏறத்தாழ 55,000 அமெரிக்க வாடிக்கையாளர்களின் ரிங் கணக்குகளுக்குள் ஊடுருவிகள் நுழைந்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பின்னர் தெரிவித்தது. கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை வாசலோடு திரும்பியிருக்கும். அந்நிறுவனம் அதை எல்லாருக்கும் கட்டாயமாக்கியது 2020இல்தான்.

ஊடுருவி மட்டும்தான் கவலையா என்றால் இல்லை. இன்றைய பெரும்பாலான வீட்டுக் கேமராக்களில் காட்சி நேராக வாங்கியவரின் கைத்தொலைபேசிக்கு வருவதில்லை. முதலில் அது நிறுவனத்தின் சேமிப்புக் கணினிக்குப் போகிறது. அது எந்த நாட்டில் இருக்கிறது என்பது பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்காது. அங்கிருந்துதான் கைத்தொலைபேசிக்கு வருகிறது. ஆகவே நடுவில் இருப்பவர் நல்லவராகவும் கவனமானவராகவும் இருக்கவேண்டியிருக்கிறது. மேலே சொன்ன ஆணையம் 2023ஆம் ஆண்டு மே மாதம் ரிங் நிறுவனத்தின் மேல் கொண்டுவந்த வழக்கில் இன்னொரு விவரமும் இருந்தது. 2017இல் அங்கு வேலை செய்த ஓர் ஊழியர், குறைந்தது 81 பெண்களின் கேமராக்களிலிருந்து ஆயிரக்கணக்கான காட்சிகளை மாதக்கணக்கில் பார்த்து வந்திருக்கிறார். படுக்கையறை, குளியலறை என்று பெயர் வைக்கப்பட்ட கேமராக்களாகத் தேடிப் பார்த்தாராம். அவருக்கு ஊடுருவல் கலை எதுவும் தேவைப்படவில்லை, அலுவலகக் கணினி போதுமானதாக இருந்தது. 58 இலட்சம் டாலர் கட்ட நிறுவனம் இணங்கியது.

கெட்ட எண்ணமே இல்லாமலும் நடக்கும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் சேவை சில மணி நேரம் நின்று மறுபடியும் தொடங்கியபோது, ஏறத்தாழ 13,000 வாடிக்கையாளர்களின் செயலியில் வேறு யாருடைய வீட்டுப் படங்களோ தோன்றின. எவனும் திருட வரவில்லை. கணினி ஆளை மாற்றிக் காட்டிவிட்டது.

கண் இல்லாத சாதனத்துக்குக் காது இருக்கிறது. பேச்சுக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கிகள் தங்கள் பெயரைக் கூப்பிட்டால்தான் விழித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பெயரைக் கூப்பிட்டதைக் கண்டுகொள்ள வேண்டுமானால் எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கத்தானே வேண்டும்? தொலைக்காட்சியில் யாரோ பேசுவதைத் தன் பெயர் என்று அது தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. 2018இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் பேசிக்கொண்டிருந்ததை அமேசானின் ஒலிபெருக்கி பதிவு செய்து, கணவரிடம் வேலை செய்யும் ஒருவருக்கே அனுப்பி வைத்தது. பேச்சில் வந்த சொற்களைத் தனக்கு இட்ட கட்டளைகளாக அது வரிசையாகப் புரிந்துகொண்டுவிட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். மறு ஆண்டு, அமேசான், கூகல், ஆப்பிள் மூன்றிலுமே பதிவுகளில் ஒரு பகுதியை மனிதர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது வெளியானது. இயந்திரத்தின் காதைத் தீட்டுவதற்காகத்தானாம்!

தரையைப் பெருக்கும் இயந்திரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. அதற்கும் இன்று கேமரா இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் சோதனை இயந்திரங்கள் 2020இல் எடுத்த படங்கள், அவற்றில் உள்ள பொருள்களுக்குப் பெயர் குறிக்கும் வேலைக்காக வெனிசுவேலா வரை போயின. அங்கிருந்து சில படங்கள் சமூக ஊடகக் குழுக்களுக்குக் கசிந்தன. கழிவறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் ஒன்று என்று 2022இல் ஓர் அமெரிக்கத் தொழில்நுட்ப இதழ் எழுதியது. சோதனைக்கு இசைந்தவர்கள் வீட்டில் எடுத்தவைதாம் அவை என்று நிறுவனம் சொன்னது. இசைந்தபோது இதை நினைத்து இசைந்திருப்பார்களா என்பது வேறு கேள்வி.

சிங்கப்பூர், மலேசியக் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு பொருள் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே விலையில் உலகத்து அலைவரிசைகள் எல்லாம் வரும் என்று சொல்லி விற்கப்படும் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்தான் அது. உரிமம் இல்லாத நிகழ்ச்சிகளைக் காட்டும் பெட்டிகளை விற்பதற்கு எதிராக 2022ஆம் ஆண்டு அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் காவல்துறை சோதனை நடத்தியது பலருக்கு நினைவிருக்கும். காப்புரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற வலையைப் பற்றி எச்சரித்தது. பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவான பெட்டிகள் பலவற்றில், கடைக்கு வருமுன்பே தீய நிரல் உட்கார்ந்திருந்தது. மற்றவற்றில், முதன்முதலில் செயலிகளை இறக்கும்போது அது சேர்ந்து இறங்கியது. பாதிக்கப்பட்ட சாதனங்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று சொல்லி அடுத்த மாதம் கூகல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இத்தகைய பெட்டி வீட்டில் இருந்தால், வெளியாள்கள் அந்த வீட்டு இணைய இணைப்பின் வழியாகத் தங்கள் குற்றங்களைச் செய்யலாம். தேடி வருபவர்களுக்குக் கிடைக்கும் முகவரி, பெட்டியை வாங்கியவருடையது. இதற்கு மறைச்சொல் மாற்றுவதெல்லாம் உதவாது. பெட்டியைக் கழற்றுவதுதான் வழி.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் வெளியாள்கள். மறைச்சொல்லை முறைப்படி அறிந்த வீட்டு ஆளே ஆபத்தாக இருந்தால்? அமெரிக்காவில் குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கு உதவும் அமைப்புகளுக்கு விநோதமான அழைப்புகள் வரத் தொடங்கியதைப் பற்றி 2018இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. ஆளில்லாத வாசலில் மணி அடிக்கிறது, கதவு எண் தினமும் மாறுகிறது, குளிரூட்டி தானாகவே மாறுகிறது என்று பெண்கள் புலம்பினார்கள். பேய் பிசாசு இல்லை. விலகிப் போன கணவரின் கைத்தொலைபேசியில் அந்தச் செயலிகள் இன்னும் இருந்தன. வீட்டில் எல்லாச் சாதனங்களையும் அமைத்துக் கொடுத்தவர் ஒருவராகவே இருந்தால், அவரைத் தவிர மற்றவர்கள் அந்த வீட்டில் விருந்தாளிகள் மாதிரிதான்.

பணிப்பெண் விஷயத்தில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வீட்டில் கேமரா வைக்கலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவேண்டும். அவர் தூங்கும் இடத்திலும், உடை மாற்றும் இடத்திலும், குளியலறையிலும் வைக்கக்கூடாது. கூடத்திலேயே பாய் விரித்துப் படுக்கும் பணிப்பெண் இருக்கும் வீட்டில், கூடத்துக் கேமரா இரவு நேரத்தில் எதைப் பார்க்கிறது என்று யோசிக்கவேண்டியது முதலாளியின் பொறுப்பு. வீவக வீட்டு நடைபாதையில் வைக்கும் கேமராவுக்கும் அப்படியே. அது பக்கத்து வீட்டுக் கதவையோ சன்னலையோ நோக்கி இருக்கக்கூடாது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துபவை. தன் சொந்த, குடும்பத் தேவைக்காக ஒருவர் செய்யும் பதிவுக்கு அவை பொருந்தா. மலேசியச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, தகவல் கசிந்தால் நிறுவனங்கள் தெரிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் பாட்டியைக் கேட்காமல் பாட்டியின் அறையில் கேமரா வைக்கும் பேரனைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. அதை வீட்டுக்குள்தான் பேசிக்கொள்ளவேண்டும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டியில் மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டப்படும் முத்திரையைப் போன்றது அது. நான்கு நிலைகள். எல்லாச் சாதனத்துக்கும் ஒரே மறைச்சொல்லைப் போட்டு அனுப்பக்கூடாது, மென்பொருளைப் புதுப்பித்துத் தரவேண்டும் என்பன முதல் நிலையிலேயே கேட்கப்படுபவை. நான்காம் நிலைக்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் அதை உடைத்து நுழையப் பார்த்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரௌட்டர்களுக்கு முத்திரை கட்டாயம். மற்ற பல சாதனங்களுக்கு அது தயாரிப்பாளரின் விருப்பம். இணையக் கடையில் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் பதினைந்து வெள்ளிக் கேமராவில் அதை எதிர்பார்க்க முடியாது. அத்தகைய நிறுவனம் இரண்டு ஆண்டு கழித்து மென்பொருளைப் புதுப்பித்துத் தருமா என்பது இருக்கட்டும், இரண்டு ஆண்டு கழித்து இருக்குமா என்பதே கேள்வி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் வேலை, கேமராச் செயலிக்கென்றே வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான ஒரு மறைச்சொல். பிறகு இரட்டைச் சரிபார்ப்பை முடுக்கிவிடுவது. இந்த இரண்டையும் செய்தவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள். பல ரௌட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை இணைப்பு இருக்கும். கேமரா, டிவி, பெருக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிட்டால், அவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும் வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியை எளிதில் நெருங்காது. செயலிக்குள் போய் யார் யாருடைய தொலைபேசி அதில் இணைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள். போன வருடம் விலகிய பணிப்பெண், வீட்டைப் புதுப்பித்த குத்தகையாளர், கேமராவைப் பொருத்திக் கொடுத்த மைத்துனர் என்று வேண்டாத பெயர்கள் அதில் இருக்கக்கூடும்.

படுக்கையறையில் கேமரா எதற்கு என்ற கேள்வியை எந்தத் தொழில்நுட்பமும் தீர்த்து வைக்காது. கைக்குழந்தைக்காகத்தான் என்றால், தொட்டிலை மட்டும் பார்க்கும்படி திருப்பி வைக்கலாம். வீட்டில் ஆள் இருக்கும்போது கேமரா வேலை செய்யத் தேவையில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் எவ்வளவு பெரிய ஊடுருவியாலும் அதைத் திறக்க முடியாது.

சந்தேகம் வந்துவிட்டது, கேமரா தானாகத் திரும்புகிறது, தெரியாத குரல் கேட்கிறது என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஆனால் உள்ளே இருப்பதை அழித்துவிடாதீர்கள், விசாரணைக்கு அது வேண்டும். சிங்கப்பூரில் காவல்துறையிடம் புகார் செய்யலாம். மலேசியாவில் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையம் இருக்கிறது. காட்சி எங்கேனும் வெளியாகிவிட்டதாகத் தெரிந்தால், பாதிக்கப்பட்டவர் வெட்கப்பட்டு மறைப்பதைத்தான் இந்தக் கும்பல்கள் நம்பியிருக்கின்றன.

பழைய கேமராவைப் பழைய பொருள் சந்தையில் விற்பவர்களும், தெரிந்தவர்களுக்குக் கொடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பின்புறத்தில் உள்ள சிறு துளையில் ஊசியை வைத்து அழுத்தினாலோ, செயலியில் உள்ள கட்டளையைக் கொடுத்தாலோ கேமரா தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அதன் பின் செயலியில் இருக்கும் கணக்கையும் நீக்கவேண்டும். நினைவட்டை மட்டும் உள்ளேயே இருந்துவிடும். கடைசியாக அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.